மாதிரி மின்படகில் நீர்க்குளிர்விப்பு: ஒரு வரலாறு

நீர்க்குளிர்விப்பு என்பது இயங்கும்போது சூடாகும் ஒரு பொறியின் வெப்பத்தை ஓடும் நீரின் வழியாக வெளியேற்றும் முறை. வானொலிக் கட்டுப்பாட்டில் ஓடும் சிறிய மின்படகுகளில், மோட்டாரையும் அதன் வேகக்கட்டுப்பாட்டுச் சாதனத்தையும் (இ.எஸ்.சி.) குளிர்விக்க இம்முறை பயன்படுகிறது. படகு மிதக்கும் குளத்து நீரே ஒரு துளை வழியாக உள்ளே ஏறி, மோட்டாரைச் சுற்றி ஓடி, பக்கவாட்டுத் துளை வழியாக மீண்டும் குளத்திலேயே விழும்.

பார்க்க விளையாட்டுப் பொருளாகத் தோன்றினாலும், இந்தச் சிறு ஏற்பாட்டுக்குள் நீராவிக் கப்பல் முதல் மின்கார் வரையிலான பொறியியல் வரலாறு அடங்கியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் ஆலைகளுக்குள் நடக்கும் பெரிய வேலைகளில் ஒன்றும் இதே சிக்கலைத் தீர்ப்பதுதான். பொறி தரும் வேலையோடு சேர்ந்து வரும் வேண்டாத வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

வெப்பம் எங்கிருந்து வருகிறது

மின்மோட்டார் தான் வாங்கும் மின்சாரம் முழுவதையும் சுழற்சியாக மாற்றுவதில்லை. 11.1 வோல்ட் லித்தியம் பாலிமர் மின்கலத்திலிருந்து 90 ஆம்பியர் இழுக்கும் ஒரு பந்தயப் படகின் மோட்டார் ஏறத்தாழ 1,000 வாட் வாங்குகிறது. அதன் திறன் 80 விழுக்காடு என்றால் 200 வாட் வெப்பமாகிறது. 200 வாட் என்பது இரண்டு பழைய நூறு வாட் குண்டு பல்புகளின் சூடு. அந்தச் சூடு முழுவதும் ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய உலோக உருளைக்குள், காற்றுப் புகாமல் மூடிய படகின் வயிற்றில் உண்டாகிறது.

கம்பிச் சுற்றில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. இத்துடன் நிற்பதில்லை. செம்பு சூடாக ஆக அதன் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 விழுக்காடு கூடுகிறது. 60 டிகிரி ஏறினால் தடை ஏறத்தாழ கால் பங்கு அதிகரித்துவிடும், அதனால் மேலும் சூடாகும். இந்தச் சுழலை வெளியிலிருந்து யாராவது தடுக்காவிட்டால் கம்பியின் மேல் உள்ள வார்னிஷ் கருகி, மெக்கானிக்குகள் சொல்வதுபோல் 'காயில் போய்விடும்'.

காந்தத்துக்கும் ஆபத்து உண்டு. இன்றைய மோட்டார்களில் இருக்கும் நியோடிமியம் காந்தம் 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வலிமை வியப்பூட்டுவது. ஆனால் சாதாரண வகை நியோடிமியம் சுமார் 80 டிகிரிக்கு மேல் நிலையாகவே வலு இழக்கத் தொடங்கும். ஆறிய பிறகும் அந்த வலு திரும்பாது. மோட்டார் ஓடும், ஆனால் பழைய வேகம் இராது. படகு ஏன் மெதுவாகிவிட்டது என்று தெரியாமல் மின்கலத்தை மாற்றிப் பார்ப்பவர்கள் பலர்.

காற்றால் ஏன் முடியவில்லை என்பதற்கு விடை எண்களில் இருக்கிறது. ஒரே கன அளவில் எடுத்துக்கொண்டால், நீர் ஒரு டிகிரி சூடாகும்போது காற்றைப் போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை உள்வாங்குகிறது. வெப்பத்தைக் கடத்துவதிலும் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சிறந்தது. மேலே சொன்ன 200 வாட் வெப்பத்தை நிமிடத்துக்கு அரை லிட்டர் நீர் ஏந்திச் சென்றால், அந்த நீரின் வெப்பநிலை 6 டிகிரி அளவே உயரும். அரை லிட்டர் என்பது ஒரு மெல்லிய குழாயில் எளிதாக ஓடக்கூடிய அளவு.

குளிர்விப்பு தேவைப்படாத காலம்

மின்படகின் தொடக்க காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. ரஷ்யப் பேரரசின் தலைநகராக இருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஜெர்மனியில் பிறந்த பொறியாளர் மோரிட்ஸ் ஹெர்மன் யாகோபி 1838-இல் நேவா ஆற்றில் மின்மோட்டாரால் ஒரு படகை ஓட்டினார். பத்துப் பேருக்கு மேல் ஏறிச்சென்ற அந்தப் படகு மனிதன் நடக்கும் வேகத்தை ஒட்டியே சென்றது. மின்கலங்கள் துத்தநாகத்தைத் தின்று மின்சாரம் தந்தன. நிலக்கரியைவிட அது பலமடங்கு செலவு பிடித்ததால், வணிகத்துக்கு உதவாத அதிசயமாகவே அந்தப் படகு நின்றுபோனது. மோட்டார் பெரியது, ஆற்றல் மிகச் சிறியது. சூடாவதற்கு அங்கே வேலையே இல்லை.

1881-இல் பாரிஸைச் சேர்ந்த குஸ்தாவ் த்ரூவே, சேன் ஆற்றில் வேறுவிதமான மின்படகு ஒன்றை ஓட்டினார். மோட்டார், ப்ரொப்பல்லர், சுக்கான் மூன்றையும் ஒரே தொகுதியாகச் செய்து படகின் பின்புறத்தில் மாட்டினார். வேண்டாதபோது கழற்றி எடுத்துவிடலாம். இன்று நம் கடற்கரைகளில் மீனவர் தோளில் சுமந்து செல்லும் 'அவுட்போர்டு' மோட்டாரின் முன்னோடி இது. தமிழில் த்ரூவே பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. எடிசனுக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

மறு சேமிப்பு மின்கலங்கள் வந்த பின் மின்படகு சிறிது காலம் செழித்தது. லண்டனில் மோரிட்ஸ் இம்மிஷ் 1889 அளவில் தேம்ஸ் ஆற்றில் வாடகை மின்படகுகளை விட்டதோடு, அவற்றுக்கான மின்னேற்ற நிலையங்களையும் அமைத்தார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் ஏரிகளில் 55 மின்படகுகள் பார்வையாளர்களை ஏற்றிச் சென்றன. அதன்பின் பெட்ரோல் இயந்திரம் மலிவாகி, மின்படகு ஏறத்தாழ நூறாண்டுகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

மாதிரி மின்படகின் வரலாற்றில் மறக்கக் கூடாத ஆண்டு 1898. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா ஒரு தொட்டியில் சிறிய இரும்புப் படகை மிதக்கவிட்டு, கம்பி ஏதுமின்றி வானொலி அலைகளால் அதை ஓட்டிக் காட்டினார். உள்ளே மின்கலமும் மோட்டாரும் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை எண் 613,809 வழங்கப்பட்டது. பார்வையாளர் சிலர் உள்ளே பழக்கப்பட்ட குரங்கு இருப்பதாகச் சொன்னதாகக் கதை உண்டு. இன்று ஒரு பள்ளி மாணவர் கையில் வைத்திருக்கும் ரிமோட் படகின் மூதாதை அதுதான்.

நீர் உள்ளே வந்த வழி

ஆற்று நீரையோ கடல் நீரையோ கப்பலுக்குள் இழுத்து, வெப்பத்தை அதில் ஏற்றி, மீண்டும் வெளியே விடும் யோசனை மின்சாரத்தோடு பிறந்ததன்று. அது நீராவிக் கப்பலிலிருந்து வந்தது. தொடக்க காலக் கப்பல்கள் கொதிகலனில் கடல்நீரையே ஊற்றின. உப்பு படிந்து கொதிகலன் பாழானது. ஆங்கிலேயரான சாமுவேல் ஹால் 1834-இல் காப்புரிமை பெற்ற 'பரப்பு ஆவிச்சுருக்கி'யில் நீராவி ஒரு பக்கம், குளிர்ந்த கடல்நீர் மறுபக்கம், நடுவில் மெல்லிய குழாய்ச்சுவர். இரண்டும் கலக்காது, வெப்பம் மட்டும் சுவரைத் தாண்டும். நன்னீர் மீண்டும் கொதிகலனுக்குத் திரும்பும், கடல்நீர் வெப்பத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும். 1838-இல் அட்லாண்டிக்கைக் கடந்த 'சிரியஸ்' கப்பலில் ஹாலின் ஆவிச்சுருக்கிகள் இருந்தன. மாதிரிப் படகின் மோட்டாரைச் சுற்றி ஓடும் குழாயும் இதே தத்துவந்தான்: நீர் மோட்டாரைத் தொடாது, மோட்டாரின் சூட்டை மட்டும் தொடும்.

அடுத்த பெரிய படி அமெரிக்காவின் மில்வாக்கியில் நடந்தது. ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒன்றரைக் குதிரைத்திறன் படகு மோட்டார் நீரால் குளிர்விக்கப்பட்டது. அது சுற்றிலும் உள்ள நீரையே இழுத்துப் பயன்படுத்தியதால் ரேடியேட்டரே தேவைப்படவில்லை. இன்றைய அவுட்போர்டு மோட்டார் ஓடும்போது பின்புறத்தில் ஒரு சிறு நீர்த்தாரை பீய்ச்சுவதைக் காணலாம். படகோட்டியின் கண் அடிக்கடி அங்கே போகும். தாரை நின்றால் உள்ளிழுக்கும் வழி அடைத்துவிட்டது என்று பொருள், உடனே இயந்திரத்தை நிறுத்த வேண்டும். மாதிரிப் படகிலும் வெளியேறும் துளையை நீர்மட்டத்துக்கு மேலே, கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் வைப்பது இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே.

மாதிரிப் படகுக்காரர்கள்

இங்கிலாந்தில் மாதிரி விசைப்படகுச் சங்கம் 1924-இல் தோன்றியது. ஐரோப்பிய ஆர்வலர்களின் 'நாவிகா' கூட்டமைப்பு 1959-இல் அமைந்தது. பந்தயத்தில் வேகம்தான் எல்லாம், ஆகவே சிறு எரிபொருள் இயந்திரங்களுக்கு நீருறை மாட்டும் வழக்கம் முதலில் வந்தது. மின்மோட்டார்க்காரர்கள் அதைப் பின்னர் எடுத்துக்கொண்டனர்.

அப்போது பரவலாக இருந்தது '540' எனப்படும் வகை கார்பன் தூரிகை மோட்டார். சுமார் 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள அதன் உடலைச் சுற்றி மெல்லிய அலுமினியக் குழாயைச் சுருளாகச் சுற்றி அதில் நீர் விட்டனர். இந்த முறையில் ஒரு பெரும் குறை இருந்தது. தூரிகை மோட்டாரில் மின்னோட்டம் பாயும் கம்பிச் சுற்று நடுவில் சுழலும் பகுதியில் இருக்கிறது, காந்தம் வெளி உடலில் ஒட்டியிருக்கிறது. சூடு நடுவில் பிறக்க, நீரோ வெளியே ஓடுகிறது. நடுவே காற்று இடைவெளி. நெருப்பு சமையலறையில் இருக்க, திண்ணையில் தண்ணீர் தெளித்த கதை.

இதை மாற்றியது தூரிகையற்ற மோட்டார், அதாவது பிரஷ்லெஸ் மோட்டார். 1962-இல் டி. ஜி. வில்சன், பி. எச். டிரிக்கி என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் திண்மநிலை மின்னணுச் சாதனங்களால் மின்னோட்டத்தின் திசையை மாற்றும் நேர்மின் பொறியை விளக்கினர். இதில் இடங்கள் தலைகீழாகின்றன. காந்தம் நடுவே சுழல்கிறது, கம்பிச் சுற்று வெளி உடலோடு ஒட்டி அசையாமல் இருக்கிறது. இப்போது உடலைச் சுற்றி நீர் ஓடினால் அது சூடு பிறக்கும் இடத்துக்கே பக்கத்தில் ஓடுகிறது. நீருறை உண்மையிலேயே பயன்தரத் தொடங்கியது இதன் பிறகுதான். எனினும் பிரஷ்லெஸ் மோட்டாரிலேயே 'அவுட்ரன்னர்' என்ற வகையில் வெளி உடலே சுழலும். அதற்கு நீருறை மாட்ட முடியாது. அதைத் தாங்கும் அடித்தகட்டை மட்டுமே குளிர்விக்கலாம். ட்ரோன் கடையில் வாங்கிய அவுட்ரன்னரைப் படகில் வைத்துவிட்டு நீருறை தேடி அலையும் மாணவர்கள் இதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

அமைக்கும் முறை

நீர் உள்ளே வருவதற்கு ஒரு பிடிகுழாய் வேண்டும். விரைவுப் படகில் அதைச் சுக்கானின் முன் விளிம்பில் துளையாகவோ, அடிப்பகுதியில் முன்னோக்கிய சிறு வாயாகவோ அமைப்பர். படகு ஓடும் வேகமே நீரை உள்ளே தள்ளும். இதற்குப் பம்பு தேவையில்லை. ஆனால் எல்லாப் படகுக்கும் இது பொருந்தாது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் (மணிக்கு 36 கி.மீ.) ஓடும் படகில் இந்த அழுத்தம் நீரைக் கொள்கையளவில் சுமார் 5 மீட்டர் உயரத்துக்கு ஏற்றவல்லது. வினாடிக்கு 2 மீட்டர் என்றால் வெறும் 20 சென்டிமீட்டர்தான். வேகம் ஐந்தில் ஒன்றானால் அழுத்தம் இருபத்தைந்தில் ஒன்று. எனவே மெதுவாகச் செல்லும் படகில் பிடிகுழாயின் வாயை ப்ரொப்பல்லருக்கு நேர் பின்னால், அது தள்ளும் நீரோட்டத்தில் வைக்க வேண்டும். அல்லது ஒரு சிறு மின்பம்பை வைக்க வேண்டும்.

உள்ளே வந்த நீர் முதலில் இ.எஸ்.சி.க்கும், பிறகு மோட்டாருக்கும் போவதே பெரும்பாலோர் பின்பற்றும் வரிசை. இ.எஸ்.சி.க்குள் இருக்கும் மின்னணுச் சாதனங்கள் மோட்டாரைவிடச் சூட்டைத் தாங்கும் திறன் குறைந்தவை. குளிர்ந்த நீர் முதலில் அவற்றுக்குக் கிடைக்கட்டும் என்பது கணக்கு. பெரிய படகுகளில் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய்வழி அமைப்பதும் உண்டு. ஒன்று அடைத்தால் மற்றொன்றாவது தப்பும்.

கடையில் கிடைக்கும் அலுமினிய நீருறை மோட்டாரின் விட்டத்துக்குச் சரியாக அமைய வேண்டும். இடையில் மெல்லிய ரப்பர் வளையங்கள் கசிவைத் தடுக்கும். தாமே சுற்ற விரும்புவோர் குளிர்பதனப்பெட்டி மெக்கானிக்கிடம் கிடைக்கும் மெல்லிய செப்புக் குழாயில் நுண்மணலை நிரப்பி, இரு முனையையும் அடைத்துவிட்டு, மோட்டார் அளவுள்ள உருளையின் மேல் மெதுவாகச் சுற்றலாம். மணல் இருந்தால் குழாய் நசுங்காது. மோட்டாருக்கும் சுருளுக்கும் இடையே வெப்பக் கடத்துப் பசை தடவாவிட்டால் பாதிப் பயன் வீண்.

இணைப்புக்குச் சிலிக்கோன் குழாய் ஏற்றது. சூட்டில் இளகி வளைவில் மடிந்துகொள்ளும் மலிவான பிளாஸ்டிக் குழாயே பல மோட்டார்களைக் கொன்றிருக்கிறது. ஒவ்வொரு இணைப்பையும் சிறு கட்டால் இறுக்கிவிட்டு, வாயால் ஊதிப் பார்த்தால் தடை தெரியும். பிறகு குழாய்த் தண்ணீரை மெல்லத் திறந்து விட்டுக் கசிவு பார்க்க வேண்டும். கசிவு இங்கே அற்பப் பிழையன்று. உள்ளே லித்தியம் மின்கலம் இருக்கிறது. தண்ணீரில் நனைந்து குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அது தீப்பற்றக்கூடும், அந்தத் தீ எளிதில் அணையாது. மின்கலத்தைப் படகின் தரையில் வைக்காமல் சற்று உயர்த்தி வைப்பது இதனால்தான்.

முதல் ஓட்டம் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கரைக்குக் கொண்டுவந்து மோட்டாரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலைச் சில வினாடிகள்கூட வைக்க முடியவில்லை என்றால் வெப்பநிலை 60 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். இன்னொரு நுட்பம்: முழு வேகத்தில் ஓட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்தக் கூடாது. படகு நின்றால் நீரோட்டமும் நின்றுவிடும், உள்ளே தேங்கிய சூடு அப்போதுதான் மேலேறும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி முடிப்பது வழக்கம்.

நம் ஏரிகளில் பாசியும் ஆகாயத்தாமரையும் பெரும் எதிரிகள். ஒரு மெல்லிய வேர் போதும், 3 மில்லிமீட்டர் துளை அடைத்துவிடும். கடலில் ஓட்டினால் வீட்டுக்கு வந்ததும் நன்னீர் விட்டுக் குழாய் முழுவதையும் கழுவ வேண்டும். செம்பும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். செம்பரம்பாக்கம் போன்ற குடிநீர் ஏரிகள் இந்த விளையாட்டுக்கு உரிய இடங்கள் அல்ல என்பதையும் இளையோர் நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சூடாகும் படகுகளில் பெரும்பாலானவற்றின் நோய் குளிர்விப்புக் குறை அன்று, பொருந்தாத ப்ரொப்பல்லர். ப்ரொப்பல்லர் வாங்கும் ஆற்றல், அதே சுழல்வேகத்தில், அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. 40 மில்லிமீட்டரைக் கழற்றி 45 மாட்டினால் ஏறத்தாழ 80 விழுக்காடு அதிக ஆற்றல் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத ஐந்து மில்லிமீட்டர் அது. அப்படிப்பட்ட படகுக்கு எத்தனை நீருறை போட்டாலும் அது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது போலத்தான்.

ஒரகடத்தின் மூடிய சுற்று

படகுக்குச் சுற்றிலும் நீர் உண்டு. சாலையில் ஓடும் வண்டிக்கு இல்லை. ஆகவே அது தன் நீரைத் தானே சுமக்க வேண்டும், சூடான நீரை ரேடியேட்டரில் ஆற்றி மீண்டும் பயன்படுத்த வேண்டும். படகினுடையது திறந்த சுற்று, வண்டியினுடையது மூடிய சுற்று.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் சான்ட்ரோ காரை வெளியிட்டது முதல், 2010-இல் ஒரகடத்தில் தொடங்கிய ரெனோ–நிசான் ஆலை, 2012-இல் வந்த டைம்லர் சரக்குந்து ஆலை வரை, இப்பகுதியில் செய்யப்பட்ட கார்களும் சரக்குந்துகளும் நீர்க்குளிர்விப்பு இயந்திரம் கொண்டவையே. ஒரே ஒரு பெரிய பெயர் மட்டும் நெடுங்காலம் விலகி நின்றது. அது ராயல் என்ஃபீல்டு. இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் உருவாக்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட்டைச் செய்தது. இயந்திரத்தைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் உலோகத் தகடுகள்தான் அதன் குளிர்விப்பு. காற்று அவற்றின் ஊடே வீசி வெப்பத்தை எடுத்துச்செல்லும். அந்தத் தகடுகளே வண்டியின் முகமாகவும் ஆகிவிட்டன. 2013-இல் ஒரகடத்தில் புதிய ஆலை இயங்கத் தொடங்கிய பிறகும் அந்த வடிவம் தொடர்ந்தது. 2016-இன் ஹிமாலயனில் எண்ணெய்க் குளிர்விப்பான் சேர்ந்தது. 2023 நவம்பரில் வந்த புதிய ஹிமாலயனில் 452 சி.சி. கொள்ளளவும் சுமார் 40 குதிரைத்திறனும் கொண்ட இயந்திரம் முதன்முறையாகத் திரவக் குளிர்விப்போடு வந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்வர். அது பாதி உண்மை. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு நடைமுறைக்கு வந்த பிறகும், அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த மீட்டியர் 350 காற்று–எண்ணெய்க் குளிர்விப்பிலேயே அந்த விதிகளை நிறைவு செய்தது. இருபது குதிரைத்திறனுக்குக் காற்றே போதும். ஒரே சிலிண்டரில் நாற்பது கேட்கும்போதுதான் நீர் தேவைப்படுகிறது. படகுக்காரர் கணக்கும் இதுவே: எவ்வளவு வெப்பம், எவ்வளவு பரப்பு.

மின்வண்டியில் இந்தக் கணக்கு மீண்டும் மோட்டாருக்கும் மின்கலத்துக்கும் வந்து சேர்கிறது. 2019 ஜூலையில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கோனா மின்கார் சென்னை ஆலையில் பொருத்தி முடிக்கப்பட்டது. அதன் 39.2 கிலோவாட் மணி மின்கலத் தொகுதி திரவத்தால் குளிர்விக்கப்படுவது. மாதிரிப் படகில் மோட்டார், இ.எஸ்.சி., மின்கலம் என்று பிரித்துக் கற்ற மாணவர் ஒருவர் அந்தக் காரின் மூடியைத் திறந்தால், அவை ஒவ்வொன்றையும் பெரிய உருவில் அடையாளம் காண முடியும்.

வைக்கத்துப் படகும் அளவுக் கணக்கும்

இந்தியாவில் பயணிகளை ஏற்றும் மின்படகின் மீட்சி கேரளத்தில் நடந்தது. 2017 ஜனவரியில் வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 'ஆதித்யா' என்ற சூரிய மின்படகு ஓடத் தொடங்கியது. 1924-இல் பெரியார் சிறைபட்ட அதே வைக்கம். கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம் கட்டிய இது 20 மீட்டர் நீளமுள்ள இரட்டை உடற்படகு. 75 பயணிகள் ஏறலாம். கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள், உள்ளே 20 கிலோவாட் மோட்டார் இரண்டு. டீசல் புகையும் இரைச்சலும் இன்றிக் காயலைக் கடக்கும் இந்தப் படகு, 2020-இல் மின்படகுகளுக்கான குஸ்தாவ் த்ரூவே விருதைப் பெற்றது. சேன் ஆற்றில் 1881-இல் மோட்டார் மாட்டியவரின் பெயரால் அமைந்த விருது அது. 2023 ஏப்ரல் 25 அன்று கொச்சி நீர் மெட்ரோ தொடங்கியது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான அதன் படகுகளில் நூறு பயணிகள் செல்லலாம்.

இந்தப் படகுகளின் மாதிரியைச் செய்ய விரும்பும் மாணவருக்கு ஒரு கேள்வி எழும்: அதற்கு நீர்க்குளிர்விப்பு வேண்டுமா? விடையை 1870களில் இங்கிலாந்தின் டார்க்கீயில் இழுவைத் தொட்டி அமைத்து மாதிரிக் கப்பல்களை ஆராய்ந்த வில்லியம் ஃப்ரூட் தந்துவிட்டார். மாதிரி எழுப்பும் அலை உண்மைக் கப்பலின் அலையைப் போல் இருக்க வேண்டுமானால், அதன் வேகம் நீள விகிதத்தின் வர்க்கமூலப்படி குறைய வேண்டும். ஆற்றலோ நீள விகிதத்தின் மூன்றரை அடுக்குப்படி குறையும்.

ஆதித்யாவை 25-இல் ஒரு பங்காகச் செய்தால் நீளம் 80 சென்டிமீட்டர். வேகம் ஐந்தில் ஒன்று. ஆற்றல் 78,125-இல் ஒன்று, அதாவது 40 கிலோவாட்டுக்குப் பதில் அரை வாட். சிறு ப்ரொப்பல்லரின் திறன் குறைவு, நீரின் உராய்வு சிறு உடலில் கூடுதல் என்பதையெல்லாம் சேர்த்தாலும் சில வாட்டுகளுக்கு மேல் போகாது. ஆனால் வெப்பம் வெளியேறும் பரப்பு 625-இல் ஒன்றாக மட்டுமே குறைகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமக்க வேண்டிய வெப்பம் உண்மைப் படகில் இருப்பதில் 125-இல் ஒரு பங்கு. அளவுக்கு ஏற்ற வேகத்தில் ஓடும் ஆதித்யா மாதிரிக்குக் குழாயும் வேண்டாம், நீருறையும் வேண்டாம். படகின் உடலில் ஒரு துளை குறைந்தால் கசிவுக்கான வழியும் ஒன்று குறையும்.

இதற்கு விலக்காக நிற்பது துறைமுக இழுவைப் படகின் மாதிரி. அது பெரிய ப்ரொப்பல்லரோடு கனமான சுமையைத் தள்ளும், ஆனால் இடம் பெயராது. மோட்டார் முழு மின்னோட்டம் இழுக்கும், பிடிகுழாயில் நுழைய வேகமில்லாததால் நீரோ ஏறாது. அதற்கு மட்டும் ஒரு சிறு பம்பை, மோட்டாரோடு சேர்ந்தே இயங்கும்படி, தொடக்கத்திலேயே வைத்துவிட வேண்டும்.